மூன்று நாட்டுப் பிணம்

மூன்றாவது டேக். செத்துப் படுத்திருக்கிறேன், ஒழுங்காக. இதில் ஒழுங்கு என்று ஒன்று உண்டு என்பது இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூச்சை நெஞ்சில் விடக்கூடாது, அடிவயிற்றில் விட வேண்டும், அதுவும் போர்வை மடிந்து கிடக்கும் இடத்துக்குக் கீழே. கேமரா முகத்துக்கு வரும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும். கண்ணை மூடினால் மட்டும் போதாது, இமைக்குள்ளே விழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இமையின் மேல் ஒரு புடைப்பு ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்தால் எச்சில் விழுங்கத் தோன்றாது. முப்பத்தொரு வருடம் சிங்கப்பூர்த் தமிழ் மேடையில் நின்று, ராஜாவாகவும் பைத்தியமாகவும் பள்ளிக்கூட வாத்தியாராகவும் தொண்டை கிழியப் பேசிய தனபாலனுக்கு, சினிமாவில் கிடைத்திருக்கும் வேடம் இது. கொரியாக்காரர்கள், தைவான்காரர்கள், நம் ஊர்க்காரர்கள், மூன்று நாடும் கூடி எடுக்கும் படம். மூன்று நாடும் கூடி என்னைச் சாகடித்திருக்கின்றன. வெளியே ஜூரோங்கில் முப்பத்து மூன்று டிகிரி. உள்ளே டிசம்பர் மாதத்துப் புசான். கதை நடப்பது கொரியாவின் புசான் துறைமுகத்தில். ஆனால் படத்தில் இத்தனை நாள் சிங்கப்பூரில் எடுத்தாக வேண்டும் என்பது இங்குள்ள அரசு கொடுக்கும் பண உதவிக்கு நிபந்தனை. ஆகவே புசானைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொண்டுவந்து ஜூரோங்கில், பழைய மீன் குளிர்கிடங்கு ஒன்றில் இறக்கி, பிணவறை என்கிறார்கள். குளிர்கிடங்குதானே, குளிராவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. இயந்திரம் உறுமுகிறது, ஒலிப்பதிவு கெடுகிறது என்று நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் மீன் வாடை. முதல் டேக்கில் பிணத்துக்கு வியர்த்துவிட்டது.

வியர்த்ததற்கு என்னிடம் மன்னிப்பு வேறு எதிர்பார்த்தார்கள். இயக்குநர் ஹான் தன் மொழியில் ஏதோ சொல்ல, அதை ஒரு பெண் சீனத்துக்கு மாற்ற, அதைத் தைவான் தயாரிப்பாளர் லியாவ் தலையாட்டிக் கேட்டுக்கொள்ள, அவருக்குப் பக்கத்தில் நின்ற நம் ஊர் உதவி இயக்குநர் ஷூ லிங் ஆங்கிலத்தில் என்னிடம் கொண்டுவந்து போட்டாள். அங்கே அரை நிமிடம் பேசியது இங்கே வந்து சேரும்போது, "அங்கிள், வியர்க்காதீங்க லா" என்று ஆகியிருந்தது. நல்ல பெண்தான். ஆனால் வியர்வையை நிறுத்தச் சொல்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? சரிம்மா, முயற்சி பண்றேன் என்றேன். இரண்டாவது டேக்கில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அந்த அம்மா, கதாநாயகி, சோ யூன், என் மனைவியாக நடிக்கிறவள், அழுத அழுகைதான் ஹானுக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுந்துவந்து அவள் காதருகே குனிந்து ஒரே ஒரு சொல் சொன்னார். அதை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் பழக்கதோஷம், அதுவும் சங்கிலி வழியாக என்வரை வந்து சேர்ந்துவிட்டது. "கொஞ்சம் குறைச்சு." அவளைக் கொஞ்சம் குறைத்து அழச் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்த இடது காதுக்குள் ஏதோ குறுகுறுவென்று இருக்கிறது. வியர்வை இறங்கியிருக்கலாம். வேறொன்றும் இல்லை. வியர்வைதான்.

இப்போது கதவு திறக்கிறது. காலடி. அவள் உள்ளே வருகிறாள். ஏழு நிமிட ஷாட், வெட்டே கிடையாது. அவள் வந்து, நின்று, போர்வையை விலக்கி, பார்த்து, அழ வேண்டும். ஏழு நிமிடம் இழுத்தால் கலை, இரண்டு நிமிடத்தில் முடித்தால் வியாபாரம் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்று காலை ஹான் சொன்னது, சங்கிலியெல்லாம் தாண்டி வந்தபிறகும் தெளிவாகத்தான் இருந்தது: இந்த ஒரு ஷாட் நன்றாக அமைந்துவிட்டால் நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சி தேவையில்லை. நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சி என்னுடையது. படம் முழுக்க நான் பேசுகிற ஒரே காட்சி. கணவன் உயிரோடு இருந்த நாளில், சமையலறையில் நின்று, மனைவியிடம் தமிழில் பேசும் நான்கு நிமிடம்; கேமரா என் முகத்தில் மட்டும், அந்த அம்மா இருக்க வேண்டியதுகூட இல்லை. அதாவது, நான் இங்கே நன்றாகச் செத்தால் எனக்கு நாளைக்கு வாய் கிடையாது. சொதப்பிச் செத்தால் உண்டு. ஒரு நடிகனுக்கு இப்படி ஒரு நிபந்தனை வைக்க மூன்று நாட்டு மூளை தேவைப்பட்டிருக்கிறது.

இமையை ஒருமுறை துடிக்கவிட்டால் போதும். சாதாரணமாக. வயதானவன், சூடு தாங்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். மறுபடி ஏழு நிமிடம் எடுக்க அந்த அம்மாவால் முடியாது, நான்கு மணிக்கு அவளுக்கு விமானம். ஆகவே ஒரு துடிப்பு. ஆனால் துடிக்கிற பிணமாக என் பெயர் நிலைக்குமே. ஷூ லிங் நாளைக்கு இன்னொரு படத்தில் சொல்வாள், அந்த அங்கிளா, பாவம், அவரால் சும்மாகூடப் படுக்க முடியாது. சும்மா படுக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்வதா? இவர்களா? இவர்களின் லட்சணம் எனக்குத் தெரியாதா? முதலில் சியோலில் எழுதிய கதையில் எனக்கு நாற்பது பக்கம் இருந்தது. அதில் என் பெயர் குமார் சிங். தமிழனுக்குச் சிங் என்று பெயர் வைத்தவனுக்குச் சியோலில் விருதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். சிங் என்பது தலைப்பாகை கட்டுகிறவர்களின் பெயர் என்று நான் பணிவாக எழுதினேன். பதிலுக்கு, தலைப்பாகை கட்டிக்கொள்ள உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். பிறகு கதை தைவானுக்குப் போயிற்று; அங்கே நான் பத்தாம் பக்கத்திலேயே செத்தேன். பிறகு சிங்கப்பூருக்கு வந்தது. இங்குள்ள நடிகன் ஒருவன் முக்கியமான பாத்திரமாக இருந்தால்தான் பண உதவிக்கு வேண்டிய புள்ளி கிடைக்கும் என்பதால், செத்தவனுக்கு ஒரு முன்கதை வைத்தார்கள். படத்தை விற்றுக்கொடுக்கும் ஆட்கள் தோக்கியோவில் இருக்கிறார்கள். நான்காவதாக ஒரு மொழி காதில் விழுந்தால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்பது அவர்கள் கட்சி. நான் பேசினாலும் பேசாவிட்டாலும் பெயர் பட்டியலில் வந்துவிடும், புள்ளியும் வந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது என் கடவுச்சீட்டு. அதைப் படுக்கவைத்துப் போர்வை போர்த்தினாலும் போதும்.

முதல் நாள் பூஜையிலேயே தெரிந்திருக்க வேண்டும். தைவான்காரர்கள் கேமராவைச் சிவப்புத் துணியால் மூடி, ஊதுவத்தி கொளுத்தி, நாலு திசைக்கும் கும்பிட்டார்கள். அது முடிந்ததும் கொரியாக்காரர்கள் வேகவைத்த பன்றித் தலையை மேசையில் வைத்து விழுந்து வணங்கினார்கள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பி ஒரு தேங்காயை நீட்டினார்கள். இந்தியப் பிரதிநிதியாம். நான் பிறந்தது இதே சிங்கப்பூரில், தேக்காவில்; படித்தது பக்கத்து ராங்கூன் சாலையில். உடைத்தேன். கைதட்டினார்கள். பன்றி வாயை மலர்த்திச் சிரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அங்கே நன்றாக நடித்தது அது ஒன்றுதான்.

போர்வை விலகுகிறது. காற்று கழுத்தில் படுகிறது. மூச்சு வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பார்க்கிறாள். மணம் வருகிறது, ஏதோ பச்சை ஆப்பிள் மாதிரி. பிணவறைக்கு வருகிற பெண்டாட்டி இவ்வளவு மணமாக வருவாளா? இப்போது மூக்கை உறிஞ்சுகிறாள். அழகாக உறிஞ்சுகிறாள், அதுதான் கோளாறு. முகத்தைக் கேமராவுக்குப் பத்திரமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு கண்ணில் மட்டும் நீர் வரவழைத்து, அது கன்னத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை தெரிந்து அழுகிறாள். இது அழுகையே இல்லை. அழுகிறவர்களுக்கு மூக்கு ஒழுகும். வாய் கோணும். தலைமயிர் அவிழ்ந்து எச்சிலில் ஒட்டிக்கொள்ளும். குரல் அவர்கள் குரலாகவே இருக்காது. தமயந்தி அழுதபோது அப்படித்தான்... ஷூ லிங் இன்றைக்குச் சாப்பாடு என்ன சொல்லியிருக்கிறாளோ. நேற்று மாதிரி ஆறிப்போன பீஹூன் சேமியாவாக இருக்கும். மூன்று நாட்டுக்காரர்களுக்கும் பொதுவாகப் பிடிக்காத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். மூச்சு. வயிற்றில். மெதுவாக.

கொஞ்சம் குறைச்சு. இந்த ஆளுக்கு என்ன தைரியம், அழுகிறவளிடம் போய்க் குறைச்சு என்று சொல்ல. சம்பளத்துக்கு அழுகிறாள், அதனால் சொல்லலாம். நான் சொன்னது அப்படி இல்லை. அது யீஷூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பதினோரு வருடத்துக்கு முன்னால். தமயந்தியின் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். வட்ட மேசைகளில் ஆட்கள் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். என் நாடகக் குழுவிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள், குறைவாக நடிப்பதே நடிப்பு என்று நான் அவர்களுக்கு வருடக்கணக்காகப் பாடம் எடுத்திருந்தேன்; அவர்கள் முன்னால் என் மனைவி தொலைக்காட்சித் தொடரில் வருகிற மாதிரி அலறுகிறாளே என்று எனக்குக் கூசிற்று. வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. செத்தது அவள் அப்பா, கூசியது எனக்கு. குனிந்து காதில் சொன்னேன், "கொஞ்சம் கொறச்சு அழு, தமயந்தி. எல்லாரும் பாக்குறாங்க." அவள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான், நின்றுவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், தலையை முடிந்துகொண்டாள், எழுந்துபோய் வந்தவர்களுக்குப் பொட்டலப் பானங்களை எடுத்துக் கொடுத்தாள். பெட்டியை எடுக்கும்போதும் அழவில்லை. மண்டாய் தகனச்சாலையில் உள்ளே தள்ளும்போதும் அழவில்லை. நான்கு வருடம் கழித்து அவள் அம்மா போனார்கள். அன்றைக்கு அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். என் முன்னால் அவள் அழுது பதினோரு வருடம் ஆகிறது.

சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கதை சொல்கிறாள். என் நாடகத்துக்கெல்லாம் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்கிறாள். நல்லா இருந்துச்சுங்க என்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தில் எதைப் பார்த்தாலும், இதைக் குறைத்துக் காட்டுகிறாளோ என்று தோன்றுகிறது. ஹான் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது, உன் மொழியில் ஒரு கணவன் மனைவியிடம் என்ன சொல்வான், நீயே எழுதிக்கொள் என்றார். அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதினேன். "அன்னைக்கி நீ சரியாத்தான் அழுத. எனக்குத்தான் பாக்கத் தெரியல." இப்படி ஆரம்பித்தது. பிறகு தினமும் அங்கேயே நின்று பேசிப் பார்த்தேன். நான்கு நிமிடம். ஒரு சொல்கூட நடிப்பு இல்லை. படம் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்களெல்லாம் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் ஒருத்திக்கு மட்டும் அது காதில் விழும். நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய கோழை வேறு யாராவது இருப்பானா? பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்க மூன்று நாட்டைக் கூட்டு சேர்த்தவன். போகட்டும். கோழைக்கும் ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் நாளைக்குத் தேவையில்லை என்கிறார்கள். ஆகவே துடிக்கத்தான் வேண்டும். என்ன பெரிய பெயர். துடித்துவிடுகிறேன்.

எத்தனை நிமிடம் ஆயிற்று? ஐந்து இருக்கும். அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறாள். விசும்பல் ஏறுகிறது, இதோ உச்சத்துக்குப் போகப் போகிறாள், கேமரா முகத்துக்கு வந்திருக்கும், சக்கரம் தண்டவாளத்தில் உருளும் சத்தம் நின்றுவிட்டது. இப்போது. வலது இமை. எண்ணிக்கொள்கிறேன். ஒன்று. இரண்டு. ஏன் சத்தமே இல்லை? அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். இது கதையில் இல்லை. மூக்கை, கோட்டுக் கையில்தான் போலிருக்கிறது, கரகரவென்று துடைத்துக்கொள்கிறாள், அசிங்கமான சத்தம். பிறகு என் நெஞ்சில் போர்வையை இழுத்து விடுகிறாள். நுனியை மடிக்கிறாள். நீவிவிடுகிறாள். மறுபடி மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்க்கிறாள், சேலை மடிக்கிற மாதிரி. இவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லியிருக்க முடியாது. குறைச்சு அழு என்றால் ஒரு பெண் என்ன செய்வாள் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒரு எழவும் தெரியாத, ஆப்பிள் மணக்கிற, நான் இவ்வளவு நேரம் மார்க் போட்டுக்கொண்டிருந்த இவளுக்கு. நான் இமையை மறந்துவிட்டேன். மூச்சையும் மறந்துவிட்டேன். அவள் கை நெஞ்சில் இருந்த வரையில் நான் உண்மையாகவே அசையவில்லை, அசைய முடியவில்லை.

கட் என்று கத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணைத் திறந்தபோது சோ யூன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வீங்கி, மூக்கு சிவந்து, பார்க்கவே சகிக்கவில்லை. எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. ஹான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஏதோ சொன்னார். ஷூ லிங் ஓடிவந்தாள். "அங்கிள், சூப்பர்! டைரக்டர் ரொம்ப சந்தோஷம். நாளைக்கு நீங்க வரவேண்டாம், வீட்ல ரெஸ்ட் எடுங்க." லியாவ் வந்து, பிணமாகப் படுத்தவனுக்குத் தீட்டுக் கழியக் கொடுக்கிற சிவப்பு உறையைக் கையில் திணித்தார். கொரியாக்காரன் ஒருவன் அவர்கள் வழக்கப்படி தீட்டுப் போக என் தோள்மேல் ஒரு பிடி உப்பைப் போட்டான். அப்போதுதான் எங்கள் ஒப்பனைக்காரி ருக்குமணி, கையில் பஞ்சோடு, குறுக்கே வந்து நின்றாள். ஜோகூர்க்காரி, சென்னை ஆட்களோடு நிறையப் படத்தில் வேலை செய்தவள். "இருங்கண்ணே, எந்திரிக்காதீங்க. செத்தவங்களா நடிச்சா கடசியா உசுரோட சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுக்கணும். அப்பிடியே விட்டா ஆகாது" என்றவள், ஷூ லிங்கிடம் திரும்பி ஆங்கிலத்தில் அதட்டினாள். சொல் சங்கிலியில் ஏறிப் போயிற்று. இப்படிப்பட்ட விஷயம் மட்டும் இவர்களுக்கு மூன்று மொழியிலும் உடனே புரிந்துவிடும். ஹான் பயபக்தியோடு தலையாட்டினார். கேமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஓடவிட்டார்கள்.

"சிரிங்கண்ணே" என்றாள் ருக்குமணி.

எழுந்து உட்கார்ந்தேன். சிரிக்க வாயைத் திறந்தேன். "அன்னைக்கி நீ சரியாத்தான் அழுத" என்று வந்தது. நானாக ஆரம்பிக்கவில்லை, ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் இல்லை. ஒலிப்பதிவாளர் நாகானோ காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மைக் என் தலைக்கு மேலே இல்லை. படம் மட்டும் ஓடிற்று, குரல் எங்கும் போகவில்லை. அப்படியும் பேசினேன். கண்ணாடிப் பெட்டியைச் சொன்னேன், கடலைத் தோலைச் சொன்னேன், அந்த ஐந்து பேரைச் சொன்னேன், "அவனுங்க மொகத்த பாத்தேன், ஒம் மொகத்த பாக்கல" என்று சொன்னேன். முதலில் லியாவ் தலையைக் குனிந்தார். அடுத்து ஹான். பிறகு விளக்குக்காரர்கள், கோட்டுக்காரர்கள், ஒயரைக் கீழே வைத்துவிட்டு நாகானோ, எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். இந்தியப் பிரதிநிதி செத்துப் பிழைத்ததற்கு ஏதோ ஓதுகிறான் என்று. மேடையில் எனக்கு இப்படி ஒரு சபை வாய்த்ததே இல்லை. நான்கு நிமிடமும் ஒருவர்கூட இருமவில்லை. முடித்ததும் ஹான் இடுப்பு வளைய வணங்கினார். புரிந்தது ருக்குமணி ஒருத்திக்குத்தான். அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு வந்து, நெற்றியிலிருந்து சாம்பல் சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். கைப்பேசி அடித்தது. தமயந்தி.

"முடிஞ்சிருச்சாங்க?"

"முடிஞ்சிருச்சு."

"ரசம் வச்சிருக்கேன். பொணமா படுத்துட்டு நேரா வந்து சோபாவுல ஒக்காந்துராதீங்க. குளிச்சிட்டுத்தான் எதையும் தொடணும்."

"சரி."

"நாளைக்கித்தான ஒங்க பேச்சு? நல்லா தூங்கணும்."

"அது இல்லையாம். வேணாம்னுட்டாங்க."

"அடப்பாவமே" என்றாள். "பாத்ரூம்ல அத்தன நாளு பேசிப் பாத்தீங்களேங்க. என்னாதான் பேச்சு அது? கதவு சாத்தியிருந்துச்சா, சரியா கேக்கல."

ருக்குமணியின் கை என் கன்னத்தில் அப்படியே நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கும். எல்லாச் சொல்லும் இருந்தது, வரிசை மாறாமல், இப்போதுதான் முப்பது பேருக்கு முன்னால் சொல்லி முடித்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"தமயந்தி" என்றேன்.

"ம், சொல்லுங்க."

"வரும்போது தயிர் வாங்கிட்டு வரவா?"

"வாங்கிட்டு வாங்க" என்றாள். "சின்ன டப்பாவே போதும்."